பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்கலாமா?



கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எண்ணூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பிறந்து வளர்ந்தது ராயபுரம், படகுக்காரர்கள் கட்டிய புனித ராயப்பர் கோவில் பங்கு. வாக்கப்பட்டது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற குடும்பத்தில். டிசம்பரில் வாசலில் ஸ்டார் தொங்கவிட மாமியார் சம்மதிக்கவில்லை. கிறிஸ்துமஸ் ரோமாபுரிக்காரர்களின் சூரியப் பண்டிகை, வேதத்தில் தேதியே கிடையாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டாராம். சரி என்று இவரும் விட்டுவிட்டார். இப்போது பொங்கல் வருகிறது. பானை வைக்கக் கூடாது என்பது மட்டுமில்லை, எதிர்வீட்டு அக்கா வருஷா வருஷம் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலையும் கைநீட்டி வாங்கக் கூடாதாம். "அம்மா வீட்டில் கோவில் வாசலிலேயே பொங்கல் வைப்போம். இங்கே அது பாவமா?" என்று கேட்கிறார்.

மருமகள் பக்கம் சாய்ந்து எழுதுவது சுலபம். ஆனால் அந்த மாமியாரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: அவர் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து சபைக்கு வந்தவர். மருமகளோ நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர். மருமகளுக்கு அந்தப் பானையில் தெரிவது பச்சரிசி, வெல்லம், ஏலக்காய். மாமியாருக்குத் தெரிவது சின்ன வயதில் சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, பிறகு இலையில் வைத்த படையல். எதை விட்டுவிட்டு வந்தாரோ அது திரும்ப வீட்டுக்குள் வருகிறதே என்ற பயம் அவருக்கு. அதைக் கேலி செய்ய முடியுமா?

கொரிந்து பட்டணத்து விசுவாசிகளுக்கு பவுல் எழுதியதும் கிட்டத்தட்ட இந்தச் சண்டையைப் பற்றித்தான். கடையில் விற்கிற கறி கோவிலில் படைத்ததா இல்லையா என்று துருவிக் கேட்க வேண்டாம், வாங்கிச் சாப்பிடு என்கிறார். கூடவே, உன் சாப்பாடு இன்னொருவருடைய மனசாட்சியைக் கலைக்குமானால் விட்டுக்கொடு என்றும் சொல்கிறார். நம்மில் பலர் ஏதாவது ஒரு பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

நம் ஊருக்கும் இது புதுசு இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் இந்த நாட்டு வழக்கம், ஞானஸ்நானம் பெற்றவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்றார். கூட இருந்த பாதிரியார்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-ல் பாப்பரசர் 15-ம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அதோடு முடிந்ததா? 1703-ல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-ல் ஒரு தடைப் பட்டியலே போட்டார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்தால் விழா எடுக்கக் கூடாது. நாற்பது வருடம் இழுபறி நடந்து, 1744-ல் 14-ம் பெனடிக்ட் ஏறக்குறைய அதையே உறுதி செய்தார்.

பட்டியல் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். தாலி போகவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ வந்தது. இன்று திருவொற்றியூரில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் போய், உன் கழுத்தில் இருப்பது அஞ்ஞான வழக்கம் என்று சொல்லிப் பாருங்களேன்! மஞ்சள் நீராட்டுக்கு வேத வசனம் அச்சடித்தே பத்திரிகை வருகிறது. நவம்பர் 2 அன்று காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியுமாக நிற்கும் கூட்டத்தில் யாரும் எது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

வெள்ளைக்காரர்களும் இதில் அடித்துக்கொண்டவர்கள்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681-ல்தான் எடுத்தார்கள். டிசம்பர் 25 சூரியப் பண்டிகையிலிருந்து வந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வந்திருந்தால்தான் என்ன? ஸ்டார் கட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளை சூரியனையா கும்பிடுகிறது?

பிறந்த இடத்தை வைத்து ஒரு வழக்கத்தைத் தள்ளுவதானால் நம் வீட்டில் மிச்சம் எதுவும் இருக்காது. இன்றைக்கு அதை யாருக்காகச் செய்கிறோம், அது யாரை என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. இதில் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் நினைவுக்கு வருகிறார். 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ கூடாது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டு கூடாது என்றபோது எதிர்த்து நின்றவர். அவர் இல்லாவிட்டால் நம் பாமாலை எவ்வளவு ஏழையாகியிருக்கும்! ஆனால் அதே மூச்சில் அவர் இன்னொன்றையும் காப்பாற்றப் பார்த்தார். சபையில் எல்லா சாதியும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று மிஷனரிகள் சொன்னதையும் அவர் அநியாயக் கணக்கில்தான் எழுதினார். பூவும் பாட்டும் சாதியும் அவருக்கு ஒரே மூட்டை.

நாம் மூட்டையைப் பிரித்துவிட்டோமா? கோலம் அஞ்ஞானம் என்று அழிக்கிற வீட்டில், பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்கதானே?" என்று முதலில் கேட்கிறார்கள். முகூர்த்தம் பார்க்க மாட்டோம் என்பவர்கள் மண்டபம் புக் செய்யும்போது ராகுகாலத்தைத் தாண்டி நேரம் குறிக்கிறார்கள்; கேட்டால், மண்டபத்துக்காரர் கொடுத்த டைம் என்பார்கள். வரதட்சணைக்கு எந்த பாஸ்டரும் ஃபாதரும் தடைப் பட்டியல் போட்டு நான் பார்த்ததில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். தங்கச்சி, இந்த வருடம் மாமியார் வீட்டில் பானை வைக்க வேண்டாம். அம்மா வீட்டுக்குப் போய்க் கோவிலில் வைத்துவிட்டு வாருங்கள். விட்டுக்கொடுப்பதில் விசுவாசம் குறைந்துவிடாது. போகியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: பழைய டயரைக் கொளுத்துவதில் பாவம் இருக்கிறதோ இல்லையோ, புகை இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்த எண்ணூருக்கு அது வேண்டாம்.

எதிர்வீட்டுத் தட்டு விஷயத்தில் மட்டும் நான் மாமியாரோடு ஒத்துப்போகவில்லை. மூன்று வாரம் முன்பு உங்கள் வீட்டு கேக்கை, எந்தச் சாமிக்குப் படைத்தது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டவர் அந்த அக்கா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்களே, அன்றைக்கு எந்த வாசலில் ஸ்டார், எந்த வாசலில் மாவிலை என்று பார்த்தா ஒருவரையொருவர் எழுப்பினார்கள்? படைத்ததைச் சாப்பிட மாமியாருக்கு மனசு வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த அக்காவிடம், "படைக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடுங்கக்கா" என்று சொல்லிவையுங்கள். நிறைய வீடுகளில் நடப்பதுதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்காமல் இரண்டு வாழைப்பழமாவது வைத்துக் கொடுங்கள்.

மாமியாரும் தன் பக்க நியாயத்தை எழுதி அனுப்பட்டும். ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்