பாட்டியின் தீர்ப்பும் மூளையின் கடிகாரமும்

வத்தேகமத்தை அடுத்த தோட்டமொன்றிலே மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வேலையினின்றும் ஓய்வு பெற்று நெடுங்காலமாகியும், பிரட்டுக்குப் புறப்பட்ட அந்த வைகறையிலேயே இன்றும் விழித்துக்கொள்கிறார். இரவு வேலை முடித்துக் காலையில் திரும்பும் பேத்தியோ, படுத்தும் உறக்கமின்றிப் புரளுகிறாள். “களைத்தவளுக்குத் தூக்கம் தானே வரும், இவளுக்குக் கைத்தொலைபேசி மயக்கம்!” என்பது பாட்டியின் தீர்ப்பு. அது நியாயமன்று.

கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களாலான சிறு முடிச்சு ஒன்று மூளையில் உண்டு. கலத்தினுள்ளே ‘குளொக்’, ‘பீமல்’ என்னும் இரு புரதங்கள் இணைந்து, ‘பீரியட்’, ‘கிரிப்டோகுரோம்’ என்னும் பரம்பரையலகுகளைத் தட்டியெழுப்புகின்றன. அவற்றால் விளையும் புரதங்கள் மெல்லத் திரண்டு, கருவினுட் புகுந்து, தம்மை எழுப்பியவற்றின் கையையே கட்டிவிடுகின்றன! உற்பத்தி ஓய்கிறது, திரண்டவை சிதைகின்றன, தடை நீங்கவே மீண்டும் தொடக்கம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பழ ஈயிலே இத்தகைய சுற்றை விளக்கிய மூவர் 2017இல் நொபெல் பரிசு பெற்றனர்.

இதனை நாள்தோறும் திருத்துவது ஒளி. ஒளி புகாத குகையிலோ? மதுரைப் பேராசிரியர் சந்திரசேகரன் குழுவினர் 1970களின் இறுதியில் வௌவால்களை ஆராய்ந்தனர். இனத்தார் போய்வரும் குகையில் அடைபட்டவை அவர்களோடு இசைந்து விழித்தன. தனித்திருந்தவை நேரம் பிறழ்ந்தன.

பேத்தி முகத்திற் காலை வெயில் பட பஸ்ஸில் வருகிறாள். ‘பகல் பிறந்தது’ என்று அவ்வொளி மூளைக்கு அறிவித்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்து, சன்னலை மறைத்துப் படுப்பது ஓரளவு உதவும். பாட்டியாரும் வானொலியைச் சற்றே தணித்து வைக்கலாம்.