தாரா இருப்பது லண்டனில்

மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் ஒரு குடும்பம் சனி ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிற்பமும் ஓவியமும் பார்க்கக் கிளம்பினால், பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம்.

போனால் வீண்போகாது. 1877 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில், பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளில் கிடைத்த வெண்கலங்கள் இருக்கின்றன. அவற்றில் காரைக்கால் அம்மையார் முன்னால் பிள்ளைகள் கட்டாயம் நிற்பார்கள். எலும்பும் தோலுமான உடம்பு, வற்றிய மார்பு, கையில் தாளம்; ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு! 2019-இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கக் குறிப்புகள் தமிழிலும் உண்டு. கொழும்பில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் கிழக்கின் ஆகச் சிறந்த சிற்பத்தைக் கொழும்பிலும் பார்க்க முடியாது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த பௌத்தப் பெண் தெய்வமான தாரா, 1830 முதல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கிறாள். கொடுத்தவர் இலங்கையின் முன்னாள் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக். எட்டாம் நூற்றாண்டு வெண்கலம், பொன் முலாம், 143 சென்டிமீற்றர் உயரம். வலது கை வரம் தருகிறது. இடது கை இப்போது இல்லாத ஏதோ ஒரு பூவைப் பிடித்த பாவனையில் இருக்கிறது. இடுப்புக்கு மேல் ஆடையில்லை. அதனாலேயே சுமார் முப்பது வருடம் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல், ஆய்வாளர்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். கோயில் சிலைகளைப் பார்த்தே வளர்ந்த நம் ஊர்க் கிழவிகள் கேட்டால் சிரிப்பார்கள்.

தாராவை மீட்பது அரசுகளின் வேலை. அது எப்போது முடியுமோ. உள்ளூரில் செய்யக்கூடியது வேறு. ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் காத்தான்குடி தாண்டி மட்டக்களப்பு நகரத்துக்குப் போகிறவர் கல்லடியைக் கடக்கிறார். அங்கேதான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம். இளைஞர்கள் ஓவியமும் சிற்பமும் படிக்கிறார்கள். கல்லடிப் பாலத்துக்கு அப்பால் புளியந்தீவில், 1628-இல் போர்த்துக்கீசர் கட்டி 1638-இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. நெடுங்காலம் கச்சேரியாக, அதாவது மாவட்டச் செயலகமாக, இருந்த இடம். கோப்பு அடுக்கத் தெரிந்த சுவர்கள் ஓவியத்தையும் தாங்கும்.

தொல்லியல் திணைக்களமும் பல்கலைக்கழகமும் கூடிப் பேசி, அந்தக் கோட்டையில் இரண்டு அறைகளையாவது நிரந்தர ஓவியக்கூடமாக ஒதுக்க வேண்டும். மாணவர் படைப்புகளும் தாராவின் நல்ல பிரதி ஒன்றும் போதும், தொடங்குவதற்கு. முக்கியமாக, சனி ஞாயிறில் திறந்திருக்க வேண்டும்.