வைத்தியசாலை வாயிலில் நிற்போர்

2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழை யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கி ஓய்ந்த சில நாட்களுள், கடுங்காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வைத்தியசாலைகளை நாடி வரத் தொடங்கினர். டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேருக்குக் குறையாமல் மாண்டனர். முதற் சில நாட்கள் அந்நோய்க்குப் பெயர் இருக்கவில்லை. ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்திகள் கூறின. பின்னர் இரத்தப் பரிசோதனைகள் அது எலிக்காய்ச்சல் என்று காட்டின. கொழும்பிலிருந்து தொற்றுநோய் வல்லுநர் வந்தனர். தடுப்பு மாத்திரைகள் வழங்கப்பட்டன. மழையும் ஓய்ந்தது, பேச்சும் ஓய்ந்தது.

அந்தப் பெயரற்ற நாட்களைப் பற்றியே நாம் இன்று எழுத விரும்புகின்றோம். இன்ன நோய் என்று அறியப்படாதிருந்த பொழுதிலே அந்நோயாளரை எதிர்கொண்டவர்கள் யார்? வாயிலில் நோயாளரைத் தாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிய சிற்றூழியர். இரவு முழுவதும் பக்கத்தில் நின்று சேலைன் ஏற்றிய தாதி. நோயாளர் காவு வண்டியின் சாரதி. படுக்கை விரிப்புகளை வாரியெடுத்துச் சலவைக்குக் கொண்டுசென்றவர். உடலைப் பிணவறைக்கு எடுத்துச் சென்றவர். எலிக்காய்ச்சல் ஒருவரிலிருந்து மற்றொருவருக்கு இலேசில் தாவுவதில்லை. அது எமது நற்பேறு. அன்று வந்த நோய் மூச்சினாலும் எச்சிலினாலும் பரவும் நோயாக இருந்திருப்பின், இறந்தோர் பட்டியலில் முதலில் எழுதப்பட்டிருக்கும் பெயர்கள் இவர்களுடையவையாகவே இருந்திருக்கும்.

இது வீண் அச்சம் என்று எவரேனும் கருதின், கடலுக்கு அப்பால் நெடுந்தொலைவில் இல்லாத கோழிக்கோட்டிலே 2018 ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்ததை நோக்குக. பேராம்பிரா என்ற ஊருக்கு அண்மையில் வாழ்ந்த ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் பேராம்பிரா வட்டார மருத்துவமனையிலும், பின்னர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அவர் வைக்கப்பட்டார். பழந்தின்னி வௌவால்களிலிருந்து மனிதருக்கு வரும் நிபா என்னும் நோய் அது என்பதை ஒருவரும் அறிந்திலர். கேரளம் அதற்கு முன் அந்நோயைக் கண்டதேயில்லை. மே 5 ஆம் நாள் அவர் மாண்டார். ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின், அதே குடும்பத்தில் மற்றொருவர் தனியார் மருத்துவமனை ஒன்றிற்குக் கொண்டுவரப்பட்டபொழுது, அங்கிருந்த வைத்தியர்கள் ‘ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி வருவானேன்?’ என்று ஐயுற்று, மாதிரியை மணிப்பாலுக்கு அனுப்பினர். அதன்பின்னரே நோய்க்குப் பெயர் கிடைத்தது.

அந்த இரண்டு வாரங்களுக்குள் தொற்று பரவி முடிந்துவிட்டது. எங்கே பரவியது? வௌவால் வாழும் தோப்பிலன்று. பெரும்பாலோருக்கு அது தொற்றிய இடம் மருத்துவமனையே. சீ.ரி. ஸ்கான் அறைக்கு வெளியே, நடைபாதையில், தத்தம் முறைக்காகக் காத்து நின்றவர்களுள் பலருக்கு அந்த ஓர் இளைஞரிடமிருந்தே நோய் தொற்றியதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. வேறு நோய்க்கு மருந்து தேடி வந்தோரும், உறவினருக்குத் துணையாக வந்தோரும் அவர்களில் அடங்குவர். அரசின் கணக்கின்படி 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர், பேராம்பிராவில் அந்த முதல் நோயாளருக்குப் பணிவிடை செய்த தாதி லினி. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். மரணப்படுக்கையிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதத்தை உலகமே படித்துக் கண்ணீர் வடித்தது.

கண்ணீர் வடித்தது சரி. ஆனால் கேரளம் அதனோடு நிற்கவில்லை என்பதை எம்மவர் கவனித்தல் வேண்டும். 2019 ஜூன் மாதம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு அதே நிபா கண்டது. இம்முறை வைத்தியர்கள் தொடக்கத்திலேயே ஐயுற்றனர். தனி விடுதி ஆயத்தமாயிற்று. அவரோடு பழகிய முந்நூறுக்கு மேற்பட்டோர் பெயர் பெயராகக் கணக்கெடுக்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். அவருடைய நோய் வேறெவருக்கும் பரவவில்லை, மாணவரும் பிழைத்தார். எல்லா நோயாளரும் ஒரே அளவிற் பரப்புவதில்லை, இரண்டாம் முறை நல்வாய்ப்பும் துணை நின்றது என்று வல்லுநர் கூறலாம். அது மெய்யே. 2023 இல் அதே கோழிக்கோட்டில் மீண்டும் முதல் நோயாளர் இனங்காணப்படாமலே மாண்டு, நோய் ஆறு பேரளவிற்குப் பரவி, இருவர் இறந்ததும் மெய்யே. ஆயினும், 2018 இன் நடைபாதைக்கும் 2019 இன் தனி விடுதிக்கும் இடையில் உள்ள வேற்றுமையை நல்வாய்ப்பு என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது. நோயாளரை முதலிற் காண்பவர் என்ன கேட்கவேண்டும், எங்கே இருத்தவேண்டும், யாருக்கு அறிவிக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தார். வேற்றுமை அதுவே.

சட்டம் பயின்ற எமக்கு மற்றுமொரு நிகழ்ச்சி அடிக்கடி நினைவுக்கு வருகின்றது. 2014 ஜூலை மாதம் லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு விமானத்தில் வந்த ஓர் அதிகாரி நோயுற்று அங்கொரு தனியார் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். முதலில் மலேரியா என்று கருதப்பட்டது. எபோலா நோயாளர் எவருடனும் தமக்குத் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். டாக்டர் அமேயோ அடதேவோ என்ற அம்மையார் அவரைப் பார்த்ததும் ஐயுற்றார், மாதிரியை அனுப்பினார், முடிவு வரும் வரை அவரை வெளியே விட முடியாது என்றார். அவரை விடுவிக்குமாறு லைபீரிய அதிகாரிகள் வற்புறுத்தினர். அம்மையார் அசையவில்லை. அந்த நோயாளர் மாண்டார். அவரிடமிருந்து நோய் தொற்றி அம்மையாரும் ஆகஸ்ட் 19 ஆம் நாள் மாண்டார். ஆனால் இரண்டு கோடிக்குக் குறையாத மக்கள் நெருங்கி வாழும் அந்நகரில் நோய் வெடிக்கவில்லை. நைஜீரியா முழுவதிலும் நோய் கண்டோர் 20 பேர். இறந்தோர் 8 பேர். அக்டோபர் 20 ஆம் நாள் அந்நாடு எபோலா நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அம்மையாரின் துணிவை எல்லோரும் போற்றினர். நாம் கேட்பது வேறு. ஓர் ஊழியரின் துணிவை மட்டும் நம்பி ஒரு நாட்டின் உயிர் இருக்கலாமா? மந்திகையிலோ மன்னாரிலோ கிளிநொச்சியிலோ இரவுக் கடமையில் இருக்கும் ஓர் இளம் வைத்தியர், செல்வாக்குள்ள ஒருவரைத் தனிமைப்படுத்த வேண்டுமென்று கருதினால், அவருக்குப் பின்னால் நிற்கும் சட்டம் எது?

எமது நாட்டில் உள்ளது 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயிற் கொள்ளைநோய் பரவிய காலத்தில், கப்பல்களையும் துறைமுகங்களையும் மனத்திற்கொண்டு வெள்ளையர் ஆக்கிய சட்டம் அது. அதிகாரிகளின் தத்துவங்களையும், மீறுவோருக்குரிய தண்டனையையும் அது விரித்துக் கூறுகின்றது. ஆனால் நோயாளரைத் தொடுகின்ற கைக்கு ஒரு கையுறையை உரிமையாகக் கேட்கும் வாசகம் எதனையும் அதில் நாம் காண்கிலோம். இந்தியாவிலும் அதே 1897 இல் ஆக்கப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று உண்டு. 2020 இல் அதைத் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்குத் தண்டனை விதித்தனர். இங்கு 2020 இல் நிகழ்ந்தது என்ன? கொவிட்டினால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென்று விதி செய்து, புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறிய பின்னரும், எம் சகோதரராகிய முஸ்லிம் மக்களின் நெஞ்சை 2021 பெப்ரவரி வரை எரித்தனர். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இங்கே அதை ஏன் கூறுகின்றோம் எனின், அரசை அஞ்சும் மக்கள் காய்ச்சலை மறைப்பர். மறைத்த காய்ச்சலோடு அவர்கள் வந்து நிற்பது அமைச்சரின் முன்னாலன்று, ஒரு தாதியின் முன்னால்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் நீங்கலாக ஏனைய அரசினர் வைத்தியசாலைகள் மாகாணத்துக்குரியவை. ஆகவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பின் கையில். மந்திகை ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கையில். மந்திகையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்படும் ஒரு நோயாளரோடு நோயும் ஒரே வண்டியிற் பயணஞ் செய்கின்றது. ஆனால் அவ்வண்டி வழியில் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குள் நுழைகின்றது! மருந்துக் கையிருப்பும், ஆளணியும், கட்டளை பிறக்கும் இடமும் வெவ்வேறு. மாகாணத்தின் கையில் என்றோம். அந்தக் கைதான் எங்கே? 2013 இல் மக்கள் தெரிந்தெடுத்த வட மாகாணசபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே கழிந்தன. கேரளத்து மக்கள் 2018 இல் தம் சுகாதார அமைச்சரை நேரிற் கேள்வி கேட்டனர். அடுத்த ஆண்டே திருவனந்தபுரத்துக்கு அண்மையில் நச்சுயிரி ஆராய்ச்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. வடக்கு மக்கள் யாரைக் கேட்பது?

இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. 2020 இல், கொவிட்டின் முதல் அலையிலேயே, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் பி.சி.ஆர். பரிசோதனையைத் தம் கூடங்களிற் செய்து காட்டின. அந்த இயந்திரங்களையும் அவற்றை இயக்கப் பழகிய கைகளையும் அடுத்த நோய்க்கென்று பேணுவதே அறிவுடைமை. ஆனால் 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியிருப்போரை இரட்டைக் கடமைக்கு நிறுத்திவிட்டு ஆயத்தம் பற்றிப் பேசுவது நகைப்புக்கிடமானது.

ஆயத்தம் என்றால் கோடிக்கணக்கிற் பணம் வேண்டுமென்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. வெளிநோயாளர் பிரிவின் வாயிலில், காய்ச்சலும் இருமலுமாக வருவோருக்குக் காற்றோட்டமான தனி வாங்கு ஒன்று போடப் பெருஞ்செலவாகாது. ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் தனி மலசலகூடத்தோடு கூடிய ஓர் அறை ஒதுக்கி வைக்கலாம். பாதுகாப்பு உடையை அணிவதிலும் பார்க்கக் கழற்றுவதிலேயே ஆபத்து அதிகம் என்பதை வைத்தியர் அறிவர். அதைச் சிற்றூழியருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் சாரதிக்கும் பழக்கிக் காட்டியிருக்கின்றார்களா? ஆண்டுக்கு இரு தடவையேனும், முன்னறிவிப்பின்றி, ‘இதோ ஒரு நோயாளர் வந்துவிட்டார்’ என்று ஒத்திகை நடத்தப்படல் வேண்டும். நோயாளரைத் தொட்டோர் யாவரென்று எழுதும் பதிவேடு ஒன்று வேண்டும். தனிமைப்படுத்தப்படும் ஊழியருக்குச் சம்பளம் வெட்டப்படமாட்டாது என்று எழுத்திலே உறுதி வேண்டும். நாட்கூலிக்கு வேலை செய்யும் துப்புரவாளருக்கு அவ்வுறுதி இரட்டிப்பாக வேண்டும். எங்கள் விடுதிகளில் நோயாளருக்கு உதவிக்கு நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் யார் முகக்கவசம் கொடுப்பது என்பதும் முன்பே முடிவு செய்யப்படவேண்டிய ஒன்று.

இவை யாவற்றையும் கூறும் சுற்றுநிருபம் தமிழில் வரவேண்டும். தமிழ் ஆட்சிமொழியென்று அரசியலமைப்பு 1987 முதல் கூறுகின்றது. தொற்றுநோய்க் காலத்தில் மொழிபெயர்ப்பு ஒரு கிழமை பிந்துவது நோய்க்கு ஒரு கிழமை முந்துரிமை கொடுப்பதற்குச் சமம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியாகும் அதே நாளில், அதே மணியில், சிற்றூழியர் ஒருவர் தாமே படித்து விளங்கக்கூடிய தமிழில் அது அவர் கைக்குக் கிடைத்தாக வேண்டும்.

கமக்காரருக்கும் ஒரு சொல். எலிக்காய்ச்சல் 2008 இல் இலங்கை முழுவதிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்து, 200 க்கு மேற்பட்டோரைக் கொன்றது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், வெடித்த காலின் வழியே அந்நோயை உடலுட் புகுத்துகின்றது. பொதுவாக ஒன்று, இரண்டு கிழமைகளின் பின் காய்ச்சல், கெண்டைக்காலில் நோவு, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். அந்நிலையிற் கண்டால் எளிய மருந்துகளே உயிர் காக்கும். பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுறும். டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொல்லும் முறைப்படி, வயலில் இறங்குமுன் எடுத்துக்கொள்க. டெங்கும் அதே மாரியில் அதே காய்ச்சலோடு வருவதால், வைத்தியர் மயங்குதல் இயல்பு. துண்டு எழுதுமிடத்திலேயே ‘நான் வயலில் நின்றவன், வெள்ளத்தில் நடந்தவன்’ என்று சொல்லுங்கள். சொல்லாவிடினும் கேட்பது வைத்தியசாலையின் கடமை. அக்கேள்வி துண்டிலேயே அச்சிடப்படுமாயின், களைத்த ஊழியரும் அதை மறக்கமாட்டார்.

2025 நவம்பரில் டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளம் இனியும் வரும். ஆகவே காலபோக விதைப்புக்கு முன், வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையைப் பற்றியும் மத்திய சுகாதார அமைச்சும் மாகாணத் திணைக்களங்களும் நான்கு விவரங்களைத் தமிழில் வெளியிடுமாறு கோருகின்றோம்: தனி அறை உண்டா, பாதுகாப்பு உடையும் மருந்தும் எத்தனை நாட்களுக்கு உண்டு, கடைசி ஒத்திகை என்று நடந்தது, அதில் சிற்றூழியர் எத்தனை பேர் பங்குபற்றினர். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்நான்கையும் வாய்மூல விடைக்கான வினாக்களாகச் சபையில் எழுப்புவார்களாக. கிடைக்கும் விடைகளை வைத்தியசாலை வைத்தியசாலையாக இப்பத்திரிகையில் வெளியிடுவோம். விடை வராத வைத்தியசாலையின் பெயருக்கு நேரே இடத்தை வெறுமையாகவே விடுவோம்.