பழைய பைபர் படகைத் தட்டிப் பாருங்கள்

சென்னை டோல்கேட்டிற்குத் தெற்கே காசிமேடு, வடக்கே எண்ணூர். இந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் கட்டுமரங்களே மிகுதி. இன்று எங்கும் பைபர் படகுகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையெங்கும் இவை பெருகின. அப்போது செய்தவற்றுக்கு இன்று இருபது வயதுக்கு மேல். நிறம் மங்கி, கீறல் விழுந்த படகைக் கண்டால் கழித்துவிடத் தோன்றும். ஆராயாமல் கழிப்பது தவறு என்பதே என் கருத்து.

ஏன்? பைபர் என்பது கண்ணாடி இழைகளை பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்த பொருள். ரெசின் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துவிடுகின்றன. வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாதல்லவா? அதுபோல இறுகிய ரெசினையும் உருக்கி வார்க்க முடியாது. மரம் மக்கும்; இரும்பு உருகும்; பைபருக்கு இரண்டும் இல்லை. எரித்தால் நச்சுப்புகை, கரையில் போட்டால் துகள் துகளாக உதிர்ந்து கடலில் சேரும்.

பழைய பைபருக்கு வலிமை இருக்குமா? அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கு 1950களின் தொடக்கத்தில் பைபர் படகுகள் கட்டப்பட்டன. சுமார் இருபது ஆண்டு உழைத்த பின் ஒரு படகின் உடலிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தார்கள். வலிமை பெரிதும் குறையவில்லை!

ஆகவே வயதைப் பார்த்து முடிவு செய்யலாகாது. உடலைப் பார்க்க வேண்டும். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போல, சிறு சுத்தியலால் படகின் உடல் முழுவதும் மெல்லத் தட்ட வேண்டும். 'கணீர்' என்றால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. 'மொத்' என்றால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், நீரும் புகுந்திருக்கலாம். அடிப்புறத்தில் கொப்புளங்கள் உண்டா? அவை சவ்வூடு பரவலின் வேலை. மேற்பூச்சின் வழியே கசியும் நீர் ரெசினில் எஞ்சிய பொருள்களைக் கரைத்து, மேலும் நீரை இழுக்கிறது. குத்தினால் புளித்த காடி வாடையுடன் நீர் வரும். இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உள்ளே மரம் இருந்தால், அது உளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெறும் நிற மங்கல் மேற்பூச்சின் குறையே.

பழுதான இடத்தை நல்ல அடுக்கு வரும்வரை சரிவாகத் தேய்த்து, உலர்த்தி, புதிய இழையும் ரெசினும் இட்டால் படகு மீண்டும் கடலுக்குப் போகும். தேய்க்கும் தூசியும் ரெசின் ஆவியும் நுரையீரலுக்குக் கேடு; முகமூடி இன்றி யாரும் இதில் இறங்கக் கூடாது.

எல்லாப் படகையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்பாகம் முழுதும் நெகிழ்ந்துபோன படகை நம்பி அலைமேல் செல்வது உயிருக்கு ஆபத்து. அதைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கண் மட்டும் சொல்லக் கூடாது. சோதனை சொல்ல வேண்டும். படகுகளுக்குக் குறித்த காலத்தில் உடற்சோதனை, தொழிற்பயிற்சி நிலையங்களில் பைபர் பழுதுபார்க்கும் பாடம், கழித்த படகுகளைச் சேகரிக்க ஓர் இடம்: இம்மூன்றும் வடசென்னைக் கரைக்கு உடனே தேவை.