எழுவாய் எங்கே?

வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நாளெல்லாம் அடுத்தவர் கையெழுத்தைப் பார்ப்பது என் பிழைப்பு. போன மாதம் எங்கள் காலனி அம்மா ஒருவர், ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து வாங்கிய கடன். அவள் ஊரைவிட்டே போய்விட்டாள். "தம்பி, நான் என் பாதியைக் கட்டினாப் போதும்தானே?" என்றார்.

பத்திரத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தது. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது முழுக் கடனையும் ஒருத்தரிடமே கேட்கலாம். கீழே அவருடைய கைநாட்டு. யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. கூட வந்த மகன் பிளஸ் டூ முடித்தவன், இங்கிலீசில் பாஸ். அவனுக்கும் அது புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

தப்பு அவனுடையதா? வாத்தியார் கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுதிப் போட்டார். அவன் மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் திருப்பிக் கொடுத்தான். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரே இதற்கு வங்கிமுறைக் கல்வி என்று பேர் வைத்தார். வாத்தியார் டெபாசிட் போடுகிறார். மாணவன் வெறும் கணக்கு. வங்கிக்காரனான எனக்கு இது சுருக்கென்றது. 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து, 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தது அவர் தலைமையிலான குழு. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அப்படி என்ன ஆபத்து? எழுத்தறியாதவனுக்கு அன்றைக்கு அங்கே ஓட்டு கிடையாது. அதுதான் ஆபத்து.

ஆங்கிலம் ஏகாதிபத்திய மொழி, அதை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலுக்குப் பின்னால் இருக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க நலன்களை ராபர்ட் ஃபிலிப்சன் 1992லேயே ஒரு நூலில் அம்பலப்படுத்திவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் நம்மைச் சேரியில் தள்ளி வைத்தவன் பேசியது தமிழ்தான். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியது ஆங்கிலத்தில்தான். வேணுமா வேண்டாமா என்பது நம் கேள்வி அல்ல. யார் பக்கம் நின்று கற்பிப்பது என்பதே கேள்வி.

எங்கள் இரவுப் பள்ளியில் இப்போது அந்தக் கடன் பத்திரம்தான் பாடம். போன வாரம் இலக்கணத்தில் பாசிவ் வாய்ஸ், செயப்பாட்டு வினை. போர்டில் எழுதினேன்: 'ஃபார்ட்டி ஃபோர் பீப்பிள் வேர் பர்ன்ட் டு டெத் அட் வெண்மணி.' வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இதை ஆக்டிவ் வாய்ஸில், செய்வினையில் மாற்றுங்கள் என்றேன். ஒரு பொண்ணு எழுந்தாள்: "அண்ணே, யாரு எரிச்சாங்கன்னே இதுல இல்லியே, எப்படி மாத்துறது?"

அதுதான் பாடம். 1968 டிசம்பர் 25 இரவு அது நடந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்த குடும்பங்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. 44 பேர் செத்தார்கள். கொன்றவன் எவனும் இல்லை. தீர்ப்பும் செயப்பாட்டு வினையில்தான் எழுதியிருக்கிறது. யார் செய்தது என்று கேட்கத் தெரியாதவனுக்கு எந்த மொழி வந்து என்ன பயன்?

கல்லூரித் தோழர்களே, வாரத்தில் ஒரு சாயந்தரம் உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருங்கள். கடன் பத்திரம், கம்பெனி வேலை ஒப்பந்தம், இன்சூரன்சு பாலிசி என்று நம் வீட்டுக்குள் வரும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் எடுத்து வையுங்கள். இதை எழுதியது யார், இதில் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்க விடுங்கள். பிழை பிறகு திருத்தலாம்.

அந்த அம்மாவின் கடன் இன்னும் தீரவில்லை. பத்திரத்தின் தமிழாக்கம் கேட்டு மகன் கம்பெனிக்கு மனு கொடுத்திருக்கிறான். அவனே இங்கிலீசில் எழுதியது. முதல் வாக்கியமே 'ஐ' என்று தொடங்குகிறது.