மேற்கே போவார் இல்லை

எங்கள் தெருமுனையில் இந்த வாரம் உயர்கோபுர விளக்கு வைத்துவிட்டார்கள். என் விளக்குப் புலம்பல் பழைய வாசகர்களுக்கு மனப்பாடம். தெருவுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தரையில் விழவேண்டியதை வானத்தில் ஏன் இறைக்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலைக்கு மேலே இருந்த சில்லறை நட்சத்திரங்களும் போயின.

இந்த எரிச்சலோடு மொட்டை மாடியில் நின்றபோது, "மாமா, டிரோன் போகுது பாருங்க!" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். சர்வதேச விண்வெளி நிலையம். தென்மேற்கில் முளைத்து வடகிழக்கில் இறங்கியது. "எதுவுமே மேற்கே போகாதா மாமா?" என்றான். விளக்கை விட்டேன்.

பூமி கிழக்கே சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் சும்மா நிற்கும் ராக்கெட்டுக்கே மணிக்குச் சுமார் 1,600 கி.மீ. வேகம் இனாம். மேற்கே கிளம்பினால் அந்த இனாம் கடனாகிவிடும். தெரிந்தே அந்தக் கடனை ஏற்றது இஸ்ரேல். கிழக்கே பகை நாடுகள் என்பதால், 1988-இல் தன் முதல் செயற்கைக்கோளான ஓஃபெக்கை மத்தியதரைக் கடல் மேல் மேற்கு நோக்கி ஏவியது.

பூமியைப் படமெடுக்கும் நம் கார்ட்டோசாட் வகையறா, துருவங்களை ஒட்டி வடக்கு தெற்காகச் சுற்றுபவை. நேர் தெற்கே ஏவினால் கழன்று விழும் பாகங்கள் இலங்கைத் தலையில் விழலாம். அதனால் பி.எஸ்.எல்.வி. தென்கிழக்கே ஏறி, பாதி வழியில் தெற்கே திரும்புகிறது. திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்குக் கட்டுப்படியாகாது. உலகத்தையே சுற்றப்போகிறவனும் அண்டை வீட்டுக் கூரையைப் பார்த்துத்தான் கிளம்பவேண்டியிருக்கிறது.

அதற்குத்தான் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்குக் காளி வேடம் கட்டிப் போகிறவர்களுக்குத் தெரிந்த அதே குலசைதான். அங்கிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரை கடல். யாருக்கும் வளைந்து கொடுக்கவேண்டாம்.

கிழக்கிலிருந்து மேற்கே ஒரு புள்ளி போனதைப் பார்த்தேன் என்று எழுதப்போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அது விட்டுவிட்டு மினுக்கியதா என்று முதலில் யோசியுங்கள். மினுக்கியிருந்தால் உள்ளே 150 பேர் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.