கன்று ஈனும் முன் மூன்று வாரம்

பெங்களூரைச் சுற்றியுள்ள கலப்பினப் பசுக்கள் கன்று ஈன்ற பிறகுதான் படுக்கின்றன. காரணம், ஈனுமுன் பால் கறக்காத வற்றுக்காலத்திலேயே சேர்ந்துவிடுகிறது. மாட்டு வைத்தியம் பார்க்கும் நாமோ கால்சியம் பாட்டிலோடு ஈன்ற மறுநாள்தான் போய் நிற்கிறோம்.

பசுவின் இரத்த ஓட்டத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 3 கிராம். பத்து லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. எலும்பும் குடலும் உடனே ஈடுகட்ட வேண்டும். அவற்றை முடுக்குவது பாராதைராய்டு ஹார்மோன். நிறைமாதத்தில் ‘பால் பெருகும்’ என்று கால்சியம் டானிக் ஊற்றினால் அதைச் சுரக்கும் சுரப்பிக்கு வேலையே இல்லாமல் போகிறது. நம் பகுதி ராகித்தாளில் ஏற்கெனவே நெல் வைக்கோலைவிடக் கால்சியம் கூடுதல். பொட்டாசியம் மிகுந்த நேப்பியர் புல்லையும் அள்ளிப்போட்டால் இரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்து, சுரக்கும் ஹார்மோனும் எலும்பில் எடுபடாது.

ஆற்றல் கணக்கும் இடிக்கிறது. பால் 4 முதல் 8 வாரங்களில் உச்சம் தொடும். தீனி உச்சத்துக்கு வர 10, 12 வாரமாகும். இடைப்பட்ட பற்றாக்குறைக்கு உடல்கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. அதனால் இரத்தத்தில் சேரும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் மறைநிலை கீட்டோசிஸ். வெளியே ஒன்றும் தெரியாது. பால் சற்றுக் குறையும், சினைப்பருவம் தள்ளிப்போகும். பழி செயற்கைக் கருவூட்டல் ஊசி போட்டவர் தலையில் விழும்.

ஈன்றதும் பயந்துபோய் அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றுவது இன்னொரு கேடு. அசைபோடும் வயிற்றின் உட்சுவர் அதற்குப் பழக 4 முதல் 6 வாரம் வேண்டும், இல்லையேல் அமிலநோய்.

விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. கர்நாடக அரசின் ஊக்கத்தொகை கறக்கும் பாலுக்கு, லிட்டர் கணக்கில்தான். வற்றிய மாட்டுக்கு வருமானமில்லை, ஆகவே அதற்குத் தவிடும் இல்லை. பெங்களூர் அடுகோடியில் 1923 முதல் பால்பண்ணை ஆய்வு நடக்கிறது. 1995இல் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் அங்கே வந்தது. அந்தந்த வட்டாரத்துக்கேற்ற தாது உப்புக் கலவையை வகுத்துத் தந்ததும் அதுதான். அறிவுக்குப் பஞ்சமில்லை, அது வற்றுமாட்டுத் தொட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

சினைப் பரிசோதனையன்றே ஈனும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்பு ஒருமுறை போய், உடல்நிலை மதிப்பெண் 3 முதல் 3.5க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் டானிக்கை நிறுத்தி, அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த மூன்று வாரத் தீவனத்தைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் கடனாகக் கொடுத்து, பிறகு பால் பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்.